ஜெனிற்றா கொண்டுவந்த குமிழ்

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி எந்தப் பணிப்பாளரும் என்னைக் கண்காணாத இடத்துக்கு மாற்ற முடியாது. ஆகவே, வன்னிப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர்களாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரு விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லலாம். பாடக்குறிப்பு எழுதுவது எப்படி, கரும்பலகையைப் பிரிப்பது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கென்று ஆட்கள் வருவார்கள். தேநீரும் ரோல்ஸும் தந்து நாள் முழுக்கச் சொல்வார்கள்.

உங்கள் கையிலுள்ள ஆசிரிய வழிகாட்டியைத் திறந்து பாருங்கள். வீட்டில் கிடைக்கும் பொருள்களை வைத்துப் பிள்ளைகளைப் பரிசோதனை செய்யவிடும்படி பக்கத்துக்குப் பக்கம் சொல்லியிருக்கும். எழுதியவர் நல்ல மனிதர்தான், சந்தேகமில்லை. அவருடைய வீட்டு அலுமாரியில் உப்பு, சீனி, வினாகிரி, மெழுகுதிரி எல்லாம் வரிசையாக இருந்திருக்கும். எங்களுடைய வீட்டு வளவுகளில் என்ன கிடைக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதும்போது பேனை கொஞ்சம் நடுங்கியிருக்கும்.

நான் சொல்லவந்தது மின்குமிழ்ப் பரிசோதனை பற்றி. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் வன்னியில் இருந்தவர்களுக்கு மின்குமிழ் என்பது எரியவைக்கும் சாமான் அல்ல, எதையாவது ஊற்றி வைக்கும் சாமான். எரிந்துபோன குமிழின் அடியிலுள்ள கறுப்புக் கண்ணாடியைக் குறட்டால் நொறுக்கி, உள்ளே இருக்கும் இழையை வெளியே எடுத்துவிட்டால் மெல்லிய உருண்டைக் குடுவை கிடைக்கும். ஆய்வுகூடத்துக்கு ஒரு குடுவையும் வராத காலத்தில் அதற்குள்தான் தண்ணீர் கொதிக்க வைத்தோம், உப்புக் கரைத்தோம். மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டால் அதுவே விளக்கு. ஊருக்குள் மின்கம்பங்கள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பல்ப் எதற்கு என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பிள்ளைகள் "எண்ணெய் விடுறதுக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடிப்பார்கள்.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பக் குடியேறிய காலம். முல்லைத்தீவுக் கரையில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் உள்ள கத்தோலிக்கக் கிராமம் ஒன்றில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எல்லாக் குடும்பங்களும் கடற்றொழில். ஒளி முறிவைப் படிப்பிக்க வில்லை வேண்டும், பாடசாலையில் ஒன்றுகூட இல்லை. கோயில் திருவிழாவுக்குக் கட்டி எரிந்துபோன குமிழ்களைப் பாதர் ஒரு பெட்டி நிறையத் தந்தார். அவற்றின் அடியை நானே உடைத்து, வாயை அரம் போட்டுத் தேய்த்து, ஒன்பதாம் வகுப்புக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். குமிழை உடைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள், அது ஆசிரியருடைய வேலை.

வீட்டில் கிடைக்கும் ஏதாவது ஒரு திரவத்தை அதற்குள் நிரப்ப வேண்டும். அதற்கூடாக எழுத்தைப் பார்க்க வேண்டும், வெயிலில் பிடித்து வெளிச்சம் எங்கே குவிகிறது என்று பார்க்க வேண்டும், ஒரு கிழமை வீட்டில் வைத்து என்ன மாற்றம் நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். "ஒவ்வொருத்தற்ற பல்பிலயும் ஒரு புதினம், மற்றவை காணாத ஒண்டு, இருக்கவேணும்" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

திங்கட்கிழமை வகுப்பு சந்தைபோல இருந்தது. தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், பிளேன்ரீ, கடல் தண்ணீர் எல்லாம் குமிழ்களில் வந்து இறங்கின. ஒருத்தி களப்புத் தண்ணீரில் கூனி இறாலை உயிரோடு விட்டுக் கொண்டுவந்திருந்தாள். குமிழைத் திருப்பத் திருப்ப அது விரல் அளவு பெருத்தும் சிறுத்தும் தெரிந்தது. ஒருவன் கள்ளை நிரப்பியிருந்தான். அது நுரைத்து அடைப்பைத் தள்ளிப் பாய்ந்து பக்கத்திலிருந்தவனின் சேட்டை நனைத்தது. "இதை ஆரடா உனக்குத் தந்தது?" என்று கேட்டேன். "ஒருத்தரும் தரேல்ல ரீச்சர். அப்பா காலமை முழுக்கத் தேடினவர்" என்றான். நானும் சிரித்துவிட்டேன். அந்தக் கிராமத்தில் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிப்பது அப்போது அரிது, அதனால் கள்ளு வாசத்தோடேயே பாடத்தை நடத்தினேன்.

அந்த வகுப்பில் ஜெனிற்றா என்று ஒரு பிள்ளை. மெலிந்த உருவம், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை. எதைச் சொன்னாலும் "ஏன் ரீச்சர்?" என்று கேட்டு என் உயிரை எடுப்பாள். விஞ்ஞானத்துக்குப் பிறந்தது அந்தப் பிள்ளை. தகப்பனின் பெயர் நியூட்டன். சிரிக்காதீர்கள், கரையோரத்தில் அந்தப் பெயர் கனபேருக்கு உண்டு. "நியூட்டன்ர மகள் கேக்காமல் வேற ஆர் கேக்கிறது?" என்று நான் அவளைச் சீண்டுவேன். அவளுக்கு அதில் பெருமை.

அவள் தன் முறை வரும்வரை குமிழைத் துவாய்த் துண்டுக்குள் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பிறகு எழுந்து நின்று துண்டை விரித்தாள். குமிழுக்குள் வெறும் தண்ணீர். அடியில் மெழுகுத் துண்டுபோல மஞ்சள் வெள்ளையாக ஒரு கட்டி. வாயைச் சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"என்ன பிள்ளை, மெழுகுதிரியைப் போட்டனியோ?"

"இல்லை ரீச்சர். இந்தப் பல்ப் வயர் இல்லாமலே வெளிச்சம் தரும்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளுக்குக் கோபம் வந்தது.

"உண்மையா ரீச்சர்! ரியூப்பைக் கொஞ்சம் இளக்கினா இருட்டுக்குள்ள பச்சையா வெளிச்சம் வரும். தண்ணிக்கு வெளிய எடுத்தா புகைஞ்சு பத்தும். திரும்பத் தண்ணிக்குள்ள போட்டா நூந்திடும். நான் மூண்டுதரம் செய்து பாத்தனான்."

அவள் அதைச் சொல்லி முடிக்கும்போது எனக்கு உள்ளியின், வெள்ளைப்பூண்டின், மணம் வந்தது. முதலில் யாரோ சம்பல் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

காற்றுப் பட்டால் பற்றும் சாமான்களை எதற்குள் வைப்பது? சோடியம் மண்ணெண்ணெய்க்குள், பொசுபரசு தண்ணீருக்குள். சோதனையில் அடிக்கடி வரும் கேள்வி. எத்தனையோ வகுப்புகளுக்கு அதை நான் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறேன். உள்ளி மணம் என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சாமானை வாழ்க்கையில் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. எனக்கு முன்னால் ஒரு சிறுபிள்ளை அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் பேச்சை நம்பாதவர்களை முறைத்துக்கொண்டு நின்றாள்.

அது எங்கிருந்து அந்த மண்ணுக்கு வந்தது என்று நான் எழுதப்போவதில்லை. வன்னியில் கடைசிச் சண்டைக்குள் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

குமிழின் கழுத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. தண்ணீர் அதற்குள்ளால் கசிந்து மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் சொட்டியிருக்க வேண்டும், துவாய்த் துண்டு ஈரமாக இருந்தது. கட்டிக்கு மேலே இருந்த தண்ணீர் ஒரு விரல் உயரமும் இல்லை. "காட்டடி, காட்டடி" என்று பிள்ளைகள் எழுந்து அவளைச் சுற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். எனக்குக் கத்தத்தான் வந்தது. கத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இவை குண்டுச் சத்தத்துக்குள் வளர்ந்த பிள்ளைகள். ஒரு பெரியவர் பயந்து கத்தினால், ஏன் என்று கேட்கமாட்டார்கள், விழுந்து படுப்பார்கள் அல்லது ஓடுவார்கள். மேசைகள் கவிழும். ஜெனிற்றா குமிழைக் கைவிட்டுவிடுவாள். வேறு ஊர்ப் பிள்ளைகளை ஒதுங்கச் சொல்லலாம், எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் குண்டு வருகிறது என்பது.

ஆகவே நான் கதிரையில் இருந்து எழும்பவில்லை. கையெழுத்துப் போடுவதற்குப் பேனை தேடுகிறவள்போல மேசையைத் தடவிக்கொண்டு சொன்னேன். "எல்லாரும் உங்கட உங்கட பல்பை எடுத்துக்கொண்டு வெளியில போங்கோ. வேப்பமரத்துக்கு அங்கால நிண்டு வெயிலில பிடிச்சு, ஆற்ற பல்ப் முதலில கடதாசியில ஓட்டை போடுது எண்டு பாப்பம்." போட்டி என்றால் போதும், ஓடிவிட்டார்கள். ஜெனிற்றாவும் போகத் திரும்பினாள்.

"நீ நில்லு பிள்ளை. உன்ர பல்பில தண்ணி குறைஞ்சு போச்சு. அந்தக் குடிதண்ணி வாளிக்குள்ள அதை மெல்ல இறக்கு பாப்பம். வாளி விளிம்பில முட்டாமல் இறக்கு."

இறக்கினாள். குமிழ் முழுதாகத் தண்ணீருக்குள் போய் அடியில் இருந்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவளுடைய கையை இழுத்து விரித்துப் பார்த்தேன். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் காய்ந்துபோன தீக்காயம்.

"இது என்னது?"

"முதல்தரம் எடுக்கேக்க சுட்டது ரீச்சர். பிறகு அகப்பையாலதான் எடுத்தனான்."

"எங்க எடுத்தனீ?"

"எங்கட வளவில. கக்கூசுக்குக் குழி வெட்டேக்க, தண்ணி ஊறுற இடத்தில வந்தது. இன்னும் கிடக்கு ரீச்சர்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். அப்பா கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டு ஒருத்தரிட்டயும் சொல்ல வேண்டாம் எண்டவர். நான் ஒரு துண்டை எடுத்து வைச்சது அவருக்குத் தெரியாது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "வீட்டில இருக்கிறதைக் கொண்டு வரச்சொல்லி நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அவளுக்கு என்ன சொல்வது? பெரியவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம், பிள்ளையைப் பயமுறுத்தக் கூடாது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவள் கேள்வி கேட்கிற பிள்ளை. அரைகுறையாகச் சொன்னால் மிச்சத்தைத் தானே பரிசோதித்துப் பார்ப்பாள். ஆகவே வாளியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அது தோலில் பட்டால் எப்படி எரியும், எதுவரைக்கும் போகும், அதோடு சேர்ந்து அந்த மண்ணுக்குள் வேறு என்னென்ன கிடக்கலாம், எதைக் குனிந்து எடுத்தால் என்ன ஆகும் என்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. "உங்கட வளவில எங்க என்ன கிடக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இனி அங்க ஒரு அடி வைக்கேக்கயும் பாத்து வை" என்று சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவள் ஏன் என்று கேட்காதது அதுதான் முதல் தடவை.

அதிபரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் நெருக்கடி வந்தால் வியர்த்துப்போவார். "ரீச்சர், மைதானத்துக்குப் பின்னால கிடங்கு வெட்டித் தாட்டிட்டு விடுங்கோ. வெளிய போனா பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்போடுவாங்கள்" என்றார்.

"தாட்ட இடத்தில இருந்துதானே சேர் இது கிளம்பி வந்தது?" என்றேன். அவர் நெற்றியைத் துடைத்தார். பிறகு வகுப்பறையைப் பூட்டிவிட்டு, வாசலில் கதிரை போட்டு, நான் வரும்வரைக்கும் தானே காவலுக்கு இருந்தார். அதை நான் மறக்கமாட்டேன்.

அங்கிருந்தே பொலிசுக்குத் தகவல் கொடுத்திருக்கலாம். சட்டப்படி அதுதான் சரி. ஆனால் தகவல் கொடுத்தால் யார் யார் எந்த வாகனத்தில் அந்த வீட்டு வாசலில் போய் இறங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். தகப்பன் வலை தைத்துக்கொண்டு இருக்கும்போது, ஒரு முன்னறிவித்தலும் இல்லாமல், உன் வளவில் என்ன ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டு போய் நிற்பார்கள். அவர் முதலில் தானாகப் போய்ச் சொன்னவராக இருக்கவேண்டும், பிடிபட்டவராக இருக்கக் கூடாது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் நான் ஜெனிற்றாவை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

தகரக் கொட்டில். அதற்குப் பக்கத்தில் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த புது வீடு யன்னல் மட்டத்துக்கு எழும்பி நின்றது. முகாமிலும் பிறகு அடுத்தவர் வளவிலும் ஆண்டுக்கணக்கில் ஒதுங்கிக் கிடந்து, தங்கள் மண்ணுக்குத் திரும்பி வந்து கட்டத் தொடங்கிய வீடு அது. சீமெந்துக் கல் ஒவ்வொன்றையும் நியூட்டன் தானே அச்சில் போட்டு அரிந்திருந்தார். தாய் கிளாறா அடுப்படியில் நின்றாள். சின்ன மகள், அப்போதுதான் நடை பழகிய குழந்தை, மண்ணில் இருந்து சிரட்டையால் அள்ளி விளையாடிக்கொண்டிருந்தது.

நான் விஷயத்தைச் சொன்னேன். நியூட்டன் வலையை மடியில் இருந்து இறக்கவில்லை.

"ரீச்சர், கும்பிட்டுக் கேக்கிறன், இதை இத்தோட விடுங்கோ. சொன்னா வந்து மண்டையோட்டுப் பலகையைக் குத்தி நாடா கட்டி எங்களை வெளியேத்துவினம். அங்கால வளவுக்குக் கட்டினது எப்ப அவிழுது எண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் இன்னொருக்கா எழும்பேலாது ரீச்சர். எங்கட உடம்பில சத்து இல்லை."

"தம்பி, இது பிள்ளையளின்ர உயிர்."

"தெரியாமலே இருக்கிறன்? நான் ஆழமாத் தாட்டுப்போட்டன். அதுக்கு மேல கொங்கிறீற் போட்டிடுவன். நாங்கள் என்னத்துக்கு மேல படுத்து எழும்பேல்ல? இதுக்கு மேலயும் படுப்பம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த மனிதனில் அல்ல. அவர் சொன்ன ஒரு சொல்லும் பிழையில்லை. என்னுடைய வீடு பறிபோகப்போவதில்லை. மாலையானால் நான் சீமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுப்பேன். அப்படி இருக்கும்போது நியாயம் பேசுவது எவ்வளவு சுலபம் என்று அந்த வாசலில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டுக்கொண்டே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். தகப்பனிடம் அல்ல, மகளிடம். "ஜெனிற்றா, அந்தப் பல்பை இவ்வளவு நாளும் வீட்டில எங்க வைச்சிருந்தனீ?"

அவள் தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். "தங்கச்சியின்ர தலைமாட்டில. நுளம்பு வலைக்குள்ள. அவள் இருட்டுக்குப் பயந்து அழுறவள்தானே. அதைக் கண்டா அழமாட்டாள்."

கிளாறாவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. அவள் ஓடிப்போய் மண்ணில் இருந்த குழந்தையை அள்ளித் தூக்கி, உள்ளங்கையையும் உள்ளங்காலையும் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, "எழும்புங்கோ. விதானையாரிட்டப் போவம்" என்றாள். அவர் அசையாமல் இருந்தார். "மாதாவே, இந்த மனுசன்! இன்னும் என்னத்துக்கு இருக்கிறியள்? எழும்புங்கோ!" என்று கத்தினாள். நியூட்டன் வலையை ஒழுங்காக மடித்து ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். போகும் வழியில் அந்த அரைச் சுவரில் ஒருமுறை கையை வைத்து எடுத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

விதானையாரிடம், அந்தக் கிராம சேவையாளரிடம், அவரே போய்ச் சொன்னார். பாடசாலையில் இருந்த வாளியைக் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து மண் நிரப்பிய பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போனார்கள். ஒருவரும் அவரைத் துருவி விசாரிக்கவில்லை. அந்த மட்டுக்கும் நான் நினைத்தது நடந்தது. வளவைக் கிண்டியபோது அவர் தாட்டதை எடுத்தார்கள், இன்னும் பல கட்டிகளை எடுத்தார்கள். புது வீட்டின் அடுப்படி மூலையில், அத்திவாரத்துக்குக் கொஞ்சம் கீழே, வெடிக்காத ஒரு எறிகணையும் இருந்தது.

நான் செய்தது சரி என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தச் சாட்சியை விரித்து ஒரு குடும்பம் படுக்க முடியாது. வளவைச் சுற்றி நாடா கட்டினார்கள். துப்புரவுப் பணி நடுவில் நின்றது, பிறகு தொடங்கியது, மழை வந்தது, திரும்ப நின்றது. குறித்த காலத்துக்குள் கட்டி முடிக்காததால் வீட்டுத்திட்டமும் கைநழுவிப்போனது. நான் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினேன். எல்லாரும் இருக்கச் சொன்னார்கள், எல்லாரும் அனுதாபப்பட்டார்கள். அரைச் சுவருக்குள் எருக்கலை முளைத்தது.

அவர்கள் முரசுமோட்டையில் கிளாறாவின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். அது வயல் பிரதேசம். கடலில் நட்சத்திரம் பார்த்து வலை வீசிய மனிதன், நியூட்டன், அங்கே மற்றவர்களின் வயலில் வரம்பு கட்டினார். ஒருமுறை சந்தையில் கண்டேன். என்னைக் கண்டதும் மரியாதையாகச் சாரத்தை இறக்கிவிட்டு, "சுகமே ரீச்சர்?" என்று கேட்டார். கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என் இளம் ஆசிரியர்களே, இதைப் படித்துவிட்டுக் குமிழ்ப் பரிசோதனையைக் கைவிட்டுவிடாதீர்கள். நான் கைவிடவில்லை. ஆனால் குமிழைக் கொடுக்கும் முன்பு ஒவ்வொரு பிள்ளையின் வளவையும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். நிரப்பவேண்டியது என்ன, எங்கே எடுக்கவேண்டும் என்று நானே சொன்னேன். புதினம் கொண்டு வரச்சொல்லி ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏதாவது நடந்துவிட்டால் முதலில் பிள்ளையைப் பாருங்கள், பிறகு தாய் தகப்பனைப் பாருங்கள், சட்டத்தை அதற்குப் பிறகு பாருங்கள். ஆனால் பார்க்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். மூடி மறைத்துவிட்டுப் போவது அந்த நேரத்துக்குப் பெரிய இரக்கம்போலத் தெரியும். அது இரக்கம் அல்ல.

இவ்வளவையும் நான் அடித்துச் சொல்லுவேன். இன்னொருமுறை அந்த நாள் வந்தாலும் அதையே செய்வேன். ஆனால் மிச்சத்தையும் சொல்லாவிட்டால் உங்களை ஏமாற்றியதாகிவிடும்.

அண்மையில் ஓய்வூதிய அலுவலாகக் கிளிநொச்சிக்குப் போக, பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். விடிந்த கையோடு ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். அதில் ஒருத்தி என்னிடம் வந்து, "ரீச்சர், என்னைத் தெரியுதே?" என்றாள். வளர்ந்திருந்தாள். விரல்களில் அந்தத் தழும்பு வெளிறிப்போய் இருந்தது.

"ஜெனிற்றா! எப்பிடியடி இருக்கிறாய்?"

"இருக்கிறன் ரீச்சர்."

"வளவைத் துப்புரவாக்கித் திரும்ப விட்டாச்சு எண்டு கேள்விப்பட்டன். உண்மையே?"

"ஓம் ரீச்சர். அப்பாவும் அம்மாவும் தங்கச்சியும் அங்க திரும்பிப் போட்டினம். கொட்டில் போட்டிருக்கினம். அப்பா திரும்பத் தொழிலுக்குப் போறார்." அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கர்த்தரே, கடைசியில் ஒரு நல்லது நடந்ததே என்று நினைத்தேன்.

"பிறகு நீ ஏன் இங்க நிக்கிறாய்? வேலையாலயோ?"

"இல்லை ரீச்சர். வேலை அங்கயும் எடுக்கலாம். நான் பெரியம்மாவோடதான் இருக்கிறன்."

"ஏன் பிள்ளை?"

"ஒருக்காப் போனனான் ரீச்சர். படலையடியில நிண்டிட்டுத் திரும்பி வந்திட்டன். உள்ளுக்குக் கால் வைக்கேலாமக் கிடக்கு."

"அதுதான் எல்லாத்தையும் எடுத்திட்டினமே. ஒண்டும் இல்லையெண்டு பத்திரமும் குடுத்தவை."

"தெரியும் ரீச்சர். தங்கச்சி அந்த வளவு முழுக்க வெறுங்காலோட ஓடித் திரியுறாள். பாத்துக்கொண்டுதான் நிண்டனான்." அவள் குரலில் குற்றச்சாட்டு ஒரு துளியும் இல்லை. வகுப்பில் தான் கண்டதைச் சொல்லும் அதே குரல். "நானும் அப்பிடித்தான் ஓடித் திரிஞ்சனான் ரீச்சர். நீங்கள் அந்த வாளியைக் காட்டிச் சொல்லும்மட்டும் எனக்கு அந்த மண்ணில பயமே இருக்கேல்ல."

தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. "போட்டு வாறன் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைகளோடு ஏறினாள்.